அயர்லாந்தில் ஒரு தபேதார்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வையுங்க தம்பி. அயர்லாந்துக்காரனுக்குச் சுயராஜ்யம் கொடுக்கப் போறான்னு மதுரையில வண்டி ஏறினதுலேர்ந்து மூணு தரம் சத்தம் போட்டு வாசிச்சுட்டிய. எதுத்தாப்புல இருக்கிற அண்ணாச்சிக்கு அயர்லாந்து கிழக்கா மேற்கான்னு தெரியாது, தலையைத் தலையை ஆட்டுதாரு. எனக்குத் தெரியும். ரெண்டு குளிர்காலம் அங்க இருந்தவன் நான். சுயராஜ்யமாம். அவனுக்குச் செருப்புப் போடத் தெரியாது தம்பி.

சிரிக்காதிய. சாத்தூர் தாண்டி மணியாச்சி போய்ச் சேரதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

என் பேரு பிறவிப்பெருமாள். கலெக்டர் கச்சேரியில தபேதாரா இருந்து பென்ஷன் வாங்கினவன். தபேதார்னா டவாலி போட்ட சேவகனுக்கெல்லாம் மேல உள்ளவன், துரை அறை வாசல்ல நிக்கிறவன். வக்கீலுக்குப் படிக்கிறேன்னிய, உங்களுக்கு நாளைக்கு இது உதவும். ஜில்லாவுல எத்தனை லட்சம் சனம் இருந்தாலும் துரை முகத்தைப் பாக்கணும்னா என்னைத் தாண்டித்தான் போகணும். ஜமீன்தாரா இருந்தாலும் சரி, நாவிதனா இருந்தாலும் சரி.

மனுக்காரனைத் திருப்பி அனுப்புதது ஒரு வித்தை பாத்துக்கிடுங்க. போடான்னு விரட்டுதவன் தபேதார் இல்ல. அவனுக்குக் காவக்காரன்னு பேரு. நாம விரட்டப்படாது. துரை குளிக்காவ. துரை காப்பி குடிக்காவ. துரைக்கு மண்டையிடி. துரை இப்பத்தான் கேம்புக்குக் கிளம்பினாவ, உள்ள கேக்குத சத்தம் துரைசானியோடது. இப்படி. ஒருத்தனுக்கு ஒரே காரணத்தை ரெண்டு தரம் சொல்லப்படாது. நாலாம் நாள் அவனே மனுவை இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிருவான். போறப்போ எனக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவான். நம்மாளுக்கு அந்த மரியாதை உண்டு.

மெல்டன் துரைக்குக் கீழ நான் பதினோரு வருஷம். நெட்டை ஆளு, சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்ல. முன்ஷி வச்சுத் தமிழ் படிச்சவுக. புத்தகத்துல உள்ள தமிழ்தான் வாயில வரும். "தபேதாரே, வெளியே யாவர் நிற்கின்றனர்?" அப்படித்தான் கேப்பாவ. தாது வருஷப் பஞ்சத்துல ஜில்லாவை அசையாமப் பிடிச்சு நிறுத்தினது அவுகதான். மத்த ஜில்லாவுல கலெக்டர்மாரு இரக்கப்பட்டுக் கஞ்சித் தொட்டியைத் திறந்து விட்டானுவ, சனம் ஈசல் மாதிரி வந்து மொய்ச்சுது. நம்ம துரை கண்டிஷன் போட்டாவ. வேலை செஞ்சாத்தான் கஞ்சி, சீட்டு இருந்தாத்தான் வேலை, மனுக் கொடுத்தாத்தான் சீட்டு. மனு எங்க வரும்? என் வாசலுக்கு. எங்க சித்தப்பா மகன்கூட வந்தான். வரிசையில நில்லுன்னு சொல்லிட்டேன். சொந்தக்காரன்னு உள்ள விட்டா அப்புறம் ஊரு என்ன பேசும்? அவன் நின்னான், பாவம், ரெண்டு நாள். அப்புறம் வரிசையில அவனைக் காணல.

அதை விடுங்க.

பஞ்சம் முடிஞ்சு மூணு நாலு வருஷத்துல துரைக்குச் சீமையிலேர்ந்து கடுதாசி வந்துது. அயர்லாந்துல குத்தகைக்காரன் எல்லாம் கலகம் பண்ணுதான், நிலத்துக்காரனைத் தெருவுல நடக்க விட மாட்டேங்கான், இந்தியாவுல சனத்தைக் கட்டி ஆண்ட ஆள் ஒருத்தர் வேணும், வாரும்னு. அயர்லாந்துங்கிறது இங்கிலாந்துக்கு அடுத்தாப்புல ஒரு தீவு, நம்ம தூத்துக்குடிக்குக் கொழும்பு இருக்கிற மாதிரி. அதை ஆளுததுக்கு ராணி ஒரு லார்டை வச்சிருந்தா. லார்டு விருந்து வைப்பாரு, குதிரைப் பந்தயம் பாப்பாரு. நெசமா ஆளுதது அவருக்குக் கீழ டப்ளின்ல கோட்டைக்குள்ள உக்காந்திருக்கிற காரியதரிசிமாருதான். போலீசு, ஜெயிலு, தூக்கு, எந்தக் காகிதமும் அவுக மேசையைத் தாண்டித்தான் லார்டு கைக்குப் போகும். அதுல ரெண்டாவது ஸ்தானம் நம்ம துரைக்கு.

துரை என்னைக் கூப்பிட்டு, நீயும் வருகிறாயான்னு கேட்டாவ. கடல் தாண்டினா வீட்டுல சேக்க மாட்டாகன்னு என் பெஞ்சாதி அழுதா. அழட்டும்னு கிளம்பிட்டேன். கலெக்டர் கச்சேரி வாசல்ல நின்னவன் எத்தனையோ பேரு. சீமைக் கச்சேரி வாசல்ல நின்ன தபேதார் இந்த ஜில்லாவுல வேற எவன் இருக்கான்?

கப்பல் விட்டு இறங்கி வண்டியில வாரேன், மழை தூறுது, ஒரு பொம்பள தலையில சாக்கு மாதிரி ஒரு போர்வையைப் போட்டுக்கிட்டு ரோட்டோரம் நடந்து போறா. பாத்தா வெறுங்காலு. வெள்ளைக்காரி தம்பி. நம்ம துரைசானி மாதிரி வெளுத்த காலு, கணுக்கால் வரைக்கும் சேறு. எனக்குக் கண்ணைத் திருப்பிக்கிடணும் போல ஆயிட்டு. அதுவரைக்கும் வெள்ளைக்காரன்னா துரைதான்னு நினைச்சிருந்தேன். ஏவுததுக்குன்னே பொறந்தவன்னு. அங்க போனா அவனும் தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு, மனுவை நாலா மடிச்சு வச்சுக்கிட்டு, வாசல்ல நிக்கான். உருளைக்கிழங்கைத் தவிர வேற திங்கத் தெரியாது. விறகு கிடையாது, மண்ணை வெட்டிக் காயப்போட்டு அடுப்புல எரிக்கான். வாரம் பூரா குடி, ஞாயித்துக்கிழமை பூரா கோயிலு. இவனுக்குத்தான் சுயராஜ்யம்னு நீங்க சத்தம் போட்டு வாசிக்கிய.

கோட்டையில உள்ள உத்தியோகஸ்தன் மாத்திரம் என்ன ஒழுங்கு? பத்து மணிக்கு வரவேண்டியவன் பதினொண்ணுக்கு வருவான், கணப்பு முன்னால காலை நீட்டிக் குளிர் காய்ஞ்சுக்கிட்டே கதை பேசுவான். வாசல்ல நிக்கிறவன் மனுக்காரன்கிட்ட ஊர்ப்பேச்சுப் பேசி, உன் மாமன் எப்படி இருக்கான்னு விசாரிச்சு, உள்ள விட்டுருவான். வாசக்காரனும் அந்தச் சாதிதான, எப்படி உருப்படும்? துரை ஒரு மாசம் பாத்தாவ, வெறுத்துப் போச்சு. ஊர் ஓரமா ஒரு பெரிய பூங்காவுக்குள்ள இருந்த தன் பங்களாவுலயே முக்காவாசிக் காரியத்தை வச்சுக்கிட்டு, வாசல்ல என்னை நிறுத்திட்டாவ. சிவப்புத் தலைப்பாகை, குறுக்கே டவாலி, பித்தளைப் பட்டயம், எதையும் மாத்த வேண்டாம்னு உத்தரவு. விருந்துக்கு வாரவன் எல்லாம் என்னைத்தான் பாப்பான். இவன் பேசுவானான்னு துரைசானிகிட்டக் கேப்பான்.

பேசுவேன். நல்லாப் பேசுவேன். மிஷன் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ். மிச்சத்தைக் கதவோரம் நின்னு கத்துக்கிட்டேன். வாசிக்கவும் செய்வேன், கை எழுத்தா இருந்தாக்கூட. துரை என் இங்கிலீஷை நாலு பேரு முன்னால மெச்சியிருக்காவ. கச்சேரி குமாஸ்தாவைவிடத் தபேதார் தேவலைன்னு.

ரெண்டாவது குளிர்காலத்துலதான் அந்தப் பொம்பள வந்தா. ஹனோரான்னு பேரு. மேற்குக் கடல் ஓரமா ஏதோ பட்டிக்காடு. முப்பது வயசு இருக்கும். அந்த ஊர்ல நிலத்துக்காரனோட காரியஸ்தனை எவனோ வேலி மறைவுல நின்னு சுட்டுப் போட்டுட்டான். இவ தம்பி கோல்மன்ங்கிறவனைப் பிடிச்சு, சாட்சி வச்சு, தூக்குன்னு தீர்ப்பாயிட்டு. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்குத் தூக்கு. இவ வெள்ளிக்கிழமை கோட்டைக்குப் போயிருக்கா. அந்தக் கேஸ் கட்டை மூடியாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டானுவ. சனிக்கிழமை பங்களாவைத் தேடி வந்துட்டா.

துரை வெள்ளிக்கிழமையே என்கிட்டச் சொல்லிட்டாவ, திங்கள் பகல் வரைக்கும் ஒருத்தரையும் உள்ள விடாதேன்னு. தூக்கு நாளுக்கு முன்னால அப்படித்தான் சொல்லுவாவ, நம்ம ஊர்லயும். அழுதுக்கிட்டு வருவாக இல்லையா.

இவ அழல. அதுதான் எனக்கு எரிச்சலா இருந்துது. அழுதா அனுப்புதது சுளுவு. படியில ஏறி வந்தா, நின்னா, ஒரு காகிதம் கொண்டாந்திருக்கேன், துரையைப் பாக்கணும்னா. துரை வெளிய போயிருக்காவன்னேன். வாரவரைக்கும் நிக்கேன்னா. வர நேரமாகும்னேன். பரவாயில்லன்னா. மழையில நின்னா தம்பி, காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும். மத்தியானம் போய், துரை பின்வாசல் வழியா வந்து சாப்பிடுதாவ, சாப்பிட்டதும் தூங்குவாவ, நாளைக்கு வான்னேன். அவ என் தலைப்பாகையையும் பட்டயத்தையும் ஏற இறங்கப் பாத்துட்டு, நீ எந்த ஊருன்னு கேட்டா. சொன்னேன். உங்க ஊர்லயும் இவருதான் இருந்தாரான்னு கேட்டா. பதினோரு வருஷம்னு பெருமையாச் சொன்னேன். நம்மூர்ல எழவு கேக்கப் போறவ பாக்குத மாதிரி ஒரு பார்வை பாத்துட்டுப் படியிறங்கிப் போனா. வெறுங்காலோட நிக்கவ, என்னைப் பாத்து இரக்கப்படுதா. என்ன திமிரு பாத்தியளா?

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட வந்துட்டா. துரை கோயிலுக்குப் போயிருக்காவன்னேன். அப்புறம் துரை டீ குடிக்காவன்னேன். கையில இருந்த காரணமெல்லாம் தீர்ந்துக்கிட்டே வருது. என் சர்வீசுல ஒரே நாள்ல அத்தனை காரணம் ஒருத்தருக்கும் செலவழிச்சதில்ல. மூணு மணி இருக்கும், அவ அந்தக் காகிதத்தைப் போர்வைக்குள்ளேர்ந்து எடுத்து நீட்டினா.

"என்னை உள்ள விட வேண்டாம். நீயே கொண்டு போய் அவர் கையில கொடு. வாசிக்கச் சொல்லு. வாசிச்சாப் போதும்."

நான் வாங்கியிருக்கப்படாது. வாசல்ல நிக்கிறவன் கையில எதையும் வாங்கப்படாது. ஆனா மழை பலமாயிட்டு, காகிதம் நனையுது. வாங்கிட்டேன்.

தட்டுல வச்சு உள்ள கொண்டு போனேன். துரை பின்னால கண்ணாடி அறையில ரோஜாச் செடிக்குக் கிளை கழிச்சுக்கிட்டு நின்னாவ. தட்டைப் பாத்தாவ, தொடல. அந்தப் பெண்பிள்ளையினுடையதான்னு கேட்டாவ. ஆமான்னேன். கத்திரியை ஒரு தரம் மூடித் திறந்துட்டுச் சொன்னாவ, "திங்கட்கிழமை காலைத் தபாலுடன் கொண்டுவா."

தபால் ஒம்பது மணிக்கு வரும்.

நான் சரின்னு தட்டோட திரும்பி வந்தேன். உறை ஒட்டியிருக்கல. பாத்திரம் கழுவுத அறையில ஆளில்ல. என்னத்தைச் சொல்ல, பிரிச்சு வாசிச்சேன். யாரும் சொல்லல வாசின்னு, எனக்கே தோணிச்சு. ஊர்ப் பாதிரி கையெழுத்து, நல்ல திருத்தமான எழுத்து. சாட்சி சொன்னவன் சாகக் கிடந்திருக்கான். கிடந்தவன் பாதிரியையும் வைத்தியனையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, நான் கோல்மனை அங்க பாக்கவே இல்ல, அந்த நேரத்துல நான் நாலு மைலுக்கு அப்பால என் அக்கா வீட்டுல இருந்தேன், ஒருத்தர் சொல்லச் சொன்ன பேரைச் சொன்னேன், சாமி முன்னால போய் நிக்கப் போறவன் பொய் சொல்லலன்னு எழுதிக் கொடுத்திருக்கான். கீழ சிலுவைக் கீறல் போட்டிருந்தான். பாதிரியும் வைத்தியனும் கையெழுத்துப் போட்டிருந்தாவ. ஒரே ஒரு பக்கம். வாசிக்க ரெண்டு நிமிஷம் ஆகாது.

இருக்கட்டும். சாகப் போறவன் என்னத்தையும் சொல்லுவான். அதைத் தீர்மானிக்கத் துரை இருக்காவ, லார்டு இருக்காரு. தபேதார் யாரு? நான் மடிச்சு டவாலிக்குள்ள வச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் டீ கொண்டு போறப்போ, வழக்கமா வச்சுட்டு வந்துருவேன், அன்னைக்குக் கொஞ்சம் நின்னுட்டேன். ஏன் நின்னேன்னு கேக்காதிய. நின்னேன். துரை புத்தகத்துலேர்ந்து நிமிர்ந்து, என்னன்னு கேட்டாவ. காகிதம் நெஞ்சுக்கு நேரா இருக்கு, டவாலிக்கு உள்ள, இங்க. ஒண்ணுமில்ல துரைன்னேன். துரை கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்தாவ. அப்புறம் பக்கத்தைத் திருப்பினாவ. நான் வந்துட்டேன்.

திங்கக்கிழமை எட்டு மணி அடிச்சுது. அந்த வீட்டுக் கூடத்துல ஆளு உயரத்துக்கு ஒரு கடிகாரம் நிக்கும். ஒம்பது மணிக்குத் தபால் வந்தது, அதுக்கு மேல இந்தக் காகிதத்தை வச்சுக் கொண்டு போனேன். துரை முதல்ல இதைத்தான் எடுத்தாவ. வாசிச்சாவ. ரொம்ப வருத்தத்துக்குரியதுன்னு சொல்லிட்டுக் கோட்டைக்குக் குதிரையில ஆளனுப்பினாவ. சொன்னது சொன்னபடி, நிமிஷம் பிசகாம நடந்துது. என் சர்வீசுல அவ்வளவு சுத்தமாச் செஞ்ச காரியம் வேற இல்ல.

என்ன தம்பி, சன்னலுக்கு வெளிய பாக்க ஆரம்பிச்சுட்டிய? கேளுங்க, முக்கியமானது இனிமேத்தான்.

அந்தப் பாதிரி பேசாம இருந்திருந்தா ஒண்ணுமில்ல. அவன் காகிதத்துக்கு நகல் வச்சிருந்தான். பேப்பர்ல போட்டுட்டான். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கே பங்களா வாசல்ல கொடுத்தாச்சுன்னு ஹனோரா சொன்னதையும் சேத்துப் போட்டுட்டான். ஊரெல்லாம் கூச்சல். பூங்கா வாசல்ல வந்து கூட்டம் கூடி நின்னுது, கல்லு எறிஞ்சானுவ, ரெண்டு கண்ணாடி போச்சு. அயர்லாந்து மெம்பர் ஒருத்தன் லண்டன் பார்லிமெண்டுல எழுந்து கேள்வி கேட்டுட்டான். விசாரிக்கச் சொல்லி லண்டன்லேர்ந்து ரெண்டு கனவான்களை அனுப்பினாக.

விசாரணைக்கு முந்தின நாள் துரை என்னை உள்ள கூப்பிட்டு, உக்காரச் சொன்னாவ. பதினோரு வருஷமும் இந்த ரெண்டு வருஷமும் சேத்து, துரை முன்னால நான் உக்காந்தது அன்னைக்கு ஒரு நாள்தான். நாற்காலி நுனியில உக்காந்தேன். "தபேதாரே, உனக்கு ஆங்கிலம் தெரியாது"ன்னாவ. எனக்கு முதல்ல விளங்கல. துரை மறுபடியும் அதையே சொன்னாவ. அப்பத்தான் அது கேள்வி இல்லன்னு புரிஞ்சுது. தெரியாது துரைன்னேன்.

கோட்டையில நீளமா ஒரு அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ரெண்டு கனவான்கள், ஒருத்தர் கிழவரு, ஒருத்தர் நடுவயசு. இந்தப் பக்கம் நான். ஓரத்து பெஞ்சுல ஹனோராவும் பாதிரியும். என் பாஷைக்கு மொழிபெயர்ப்பாளர் யாருன்னு கேட்டாக. இந்தியாவுல இருந்த பட்டாளத்துக்காரன் ஒருத்தனைக் கூட்டி வந்தாவ. அவன் இந்துஸ்தானி பேசுதான். எனக்கு இந்துஸ்தானி ஒரு அட்சரம் தெரியாது. இந்தத் தடவை நெசமாவே முழிச்சேன். டப்ளின் பூராத் தேடினாலும் தமிழ் தெரிஞ்ச வெள்ளைக்காரன் ஒரே ஒருத்தர்தான். அது மெல்டன் துரை. வேற வழியில்லாம அவுகளையே மொழிபெயர்க்கச் சொன்னாக. நீங்க வக்கீலுக்குப் படிக்கிறவுக, இது சட்டப்படி சரியான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பாதிரி எழுந்து ஆட்சேபிச்சான். உக்காரச் சொல்லிட்டாக.

துரை என் பக்கம் திரும்பினாவ. "நீ அக்காகிதத்தை எப்பொழுது என்னிடம் கொண்டுவந்தாய் என்று இக்கனவான்கள் கேட்கின்றனர்."

நான் சொன்னேன், "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கே கொண்டாந்தேம்லா துரை. நீங்க ரோஜாச் செடிகிட்ட நின்னிய. திங்கக்கிழமை தபாலோட கொண்டான்னிய."

ஏன் அப்படிச் சொன்னேன்னா, பழக்கம் தம்பி. துரைகிட்ட நான் பொய் சொன்னதே கிடையாது. தமிழ்ல கேட்டாவ, தமிழ்ல உள்ளதைச் சொன்னேன். இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லச் சொன்னாவளே தவிர, தமிழ்ல என்ன சொல்லணும்னு சொல்லலையே.

துரை கண்ணு இமைக்கல. கனவான்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல சொன்னாவ. ஞாயித்துக்கிழமை யாரோ ஒரு பெண்பிள்ளை கொடுத்ததாம், பிச்சை கேக்கிற கடுதாசின்னு நினைச்சானாம், மறுநாள் தபாலோட சேத்து என் மேசையில வச்சானாம், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாததால வந்த வினை, ரொம்ப வருத்தப்படுதானாம். நான் சொன்னதைவிட நீளமாவே இருந்துது. அந்த நிதானம் இருக்கே, அதுதான் ஆளப் பொறந்தவனோட நிதானம். வேற ஒருத்தனா இருந்தா நாக்குத் தடுமாறியிருக்கும்.

ஹனோரா எழுந்துட்டா. "இவருக்கு இங்கிலீஷ் தெரியும். ரெண்டு நாள் என்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசினாரு. துரை டீ குடிக்காருன்னு சொன்னாரு."

கிழக் கனவான் கண்ணாடியைச் சரிபண்ணிக்கிட்டு, நேரா என்னைப் பாத்து, மெதுவா, குழந்தைகிட்டக் கேக்குத மாதிரி, இந்தப் பெண் சொல்லுதது உனக்கு விளங்குதான்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. நான் துரையைப் பாத்தேன். துரை சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டிருந்தாவ. வாசல்ல நிக்கிறவனுக்கு ஒரு முகம் உண்டு தம்பி, உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய தெரியாத முகம். அதை வச்சுக்கிட்டு நின்னேன். வாசலுக்குன்னு நாலு வார்த்தை கிளி மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்னு துரை சன்னலைப் பாத்தபடியே சொன்னாவ. நடுவயசுக்காரரு பேனாவைக் கீழ வச்சுட்டு, இவன்கிட்டக் கேக்கதுக்கு வாசல்ல கட்டியிருக்கிற குதிரைகிட்டக் கேக்கலாம்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சாக. சிரிக்கட்டுமே. எனக்குப் புரியாதுன்னு நினைச்சுச் சொன்னதுதான. புரிஞ்சாத்தான் அவமானம்.

எல்லாரும் எழுந்து போறப்போ அந்தப் பொம்பள நேரா என்கிட்ட வந்தா. போலீஸ்காரன் தடுத்தான், பாதிரி என்னமோ சொல்லி விடச் சொன்னான். என் முன்னால, இந்தா இவ்வளவு தூரத்துல நின்னு சொன்னா. முப்பது வருஷம் ஆச்சு, ஒரு வார்த்தை விட்டுப் போகல எனக்கு.

"நீங்க உங்க பாஷையில ஒண்ணு சொன்னிய. அவர் இங்கிலீஷ்ல வேற ஒண்ணு சொன்னாரு. உங்க முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. எங்க ஊர்லயும் வாசல்ல நிக்கிறவன் எங்க ஆளுதான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு அந்தக் காகிதத்தை யாராவது வாசிச்சாங்களா? என் தம்பி அதைச் செய்யலன்னு தெரிஞ்சவுக ஒருத்தராவது அந்த வீட்டுக்குள்ள இருந்தாங்களா, அவன் சாகுதப்போ?"

நான் புரியாதவன் மாதிரி நின்னேன். வேற என்ன செய்ய? துரை அஞ்சு அடி தள்ளிக் கோட்டு மாட்டிக்கிட்டிருக்காவ. அவ காத்துக்கிட்டு நின்னா. கோட்டு மாட்டி முடியிற வரைக்கும் நின்னா. அப்புறம் பாதிரி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அப்பவும் அழல. என்ன பெருமை, என்ன பிடிவாதம், அந்தச் சாதியே அப்படித்தான்.

பத்து நாள்ல என்னைக் கப்பலேத்திட்டாக. குளிரு எனக்கு ஒத்துக்கிடாதுன்னு துரை சொன்னாவ. ரெண்டு குளிர்காலம் ஒத்துக்கிட்ட குளிரு. துறைமுகத்துக்குத் துரை வரல, அவுகளுக்கு ஆயிரம் சோலி. அடுத்த வருஷம் சர் பட்டம் கொடுத்தாக அவுகளுக்கு. நம்ம கலெக்டருக்கு ஒரு கடுதாசி எழுதியிருந்தாவ போல, இங்க வந்ததும் பழைய தபேதார் வேலை கிடைச்சுது. வீட்டுல சேக்கதுக்குத்தான் ஒரு வருஷம் ஆச்சு.

லண்டன் பேப்பர் ஒண்ணை அந்தக் கலெக்டர் துரை எனக்குக் காட்டினாரு. பார்லிமெண்டுல மந்திரி எந்திரிச்சு வாசிச்ச பதிலு. அதுல என்னைப் பத்தி இருக்கு. பேரு போடல. ஆங்கிலம் அறியாத ஒரு இந்திய வேலையாளின் தவறுதலால் நேர்ந்ததுன்னு போட்டிருந்துது. அந்த வேலையாள் நான்தான். ராணியோட பார்லிமெண்டுல, அத்தனை லார்டுமாரும் கேக்க வாசிச்சிருக்கு. நம்ம ஜில்லாவுல வேற எவனைப் பத்தி வாசிச்சிருக்கான், சொல்லுங்க. அதை வெட்டிக் கொடுக்கக் கேட்டேன். கலெக்டர் துரை ஒரு மாதிரியாப் பாத்துட்டு மேசைக்குள்ள போட்டுக்கிட்டாரு.

அதுக்கப்புறம் ஏழு வருஷம் அந்த வாசல்ல நின்னேன். முன்ன மாதிரியேதான். துரை குளிக்காவ, துரைக்கு மண்டையிடி. வாய் வித்தை குறையல. ஒண்ணே ஒண்ணுதான் மாறிட்டு. உள்ள விடணும்னா ஆளை விட்டுருவேன், இல்லேன்னாப் படியிலேயே திருப்பிருவேன். மனுவை மட்டும் கையில வாங்க மாட்டேன். கும்பிட்டுக் காலுல விழுந்து நீட்டினாலும் கையைப் பின்னால கட்டிக்கிடுவேன். தபேதாருக்குக் கிராக்கி கூடிட்டுன்னு கச்சேரியில பேசிக்கிட்டானுவ. கிராக்கி இல்ல தம்பி. கையில வாங்கினா, வாசிக்கத் தோணும்.